நாற்காலிக்குப் பின்னால்

மத்திய மந்திரி அர்த்தநாரி, பழைய மில் தொழிலாளி மாராத்தாள் தன் வீட்டில் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். யூனியன் வக்கீலாக இருந்தபோது, மில் வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொல்ல அவளை அப்படி நிற்கவைத்துத்தான் பழக்குவார்.

“என்னங்க வக்கீலய்யா, என்ற எடத்துல நிக்கறீங்க?”

“சங்கம் வெச்சா வேலையை விட்டுத் தூக்கலாம்னு எங்க கட்சியே சட்டம் கொண்டு வருதுங்க அக்கா. நாளன்னைக்கு பார்லிமெண்டுல எதிர்த்துப் பேசப் போறேன். நீங்க எங்க தலைவர் மாதிரி கேட்டு என்னை மடக்குங்க, பாக்கலாம்.”

மாராத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“யோவ் அர்த்தநாரி! உன்னை மந்திரியாக்குனது யாரு?”

“கட்சிதாங்க. ஆனா, அதுக்கு முன்னால...”

“கதை வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எதுத்துப் பேசுனா பதவி போயிரும், தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“போனாப் பரவால்லையா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“கீழ பாத்தா பொய்யின்னு ஜட்ஜு நெனப்பாருன்னு என்னை அந்த வெரட்டு வெரட்டுனீங்களே, சாமி!”

புறப்பட நேரமாகிவிட்டதென்று வாசலில் டிரைவர் அவருடைய காரை ஸ்டார்ட் செய்தார். அர்த்தநாரி சிரித்துவிட்டார். சாய்மானத்தை இறுக்கிப் பிடித்து, தலையை நிமிர்த்தினார்.

“மறுபடியும் கேளுங்க அக்கா.”