ஒலி நிறுத்திய செய்தி

கார்மேகங்கள் மலையடுக்குகள்போல் வானில் நின்று, மூன்று நாளாகத் தாரை குன்றாமல் பொழிந்தன. ஊரே நெடிய தவத்தில் அமர்ந்ததுபோல் வாய்மூடிக் கிடந்தது. மூடாதிருந்தவை செய்திச் சேனல்களின் வாய்கள் மட்டுமே.

கட்சியின் கிளைச் செயலாளரின் வீட்டுக்குள் குடையை உதறியபடி நுழைந்தார், தலைமை புதிதாக அனுப்பிய பார்வையாளர். தொலைக்காட்சியைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"எதிர்க்கட்சி சேனலா? இதைப் பார்க்கிறவனைக் கட்சியை விட்டே நீக்கணும்னு தீர்மானம் போட்டதே நீங்கதானேண்ணே! இப்பவே தலைமைக்குச் சொல்றேன்."

முப்பதாண்டு உழைத்துப் பெற்ற பதவி! செயலாளர் சட்டென்று எழுந்தார்.

"பதறாதீங்க தம்பி. சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேளுங்க."

தொலைக்காட்சி ஊமையாக இருந்தது. மேசைமேல் கைப்பேசியில் சொந்தக் கட்சியின் சேனல் முழங்கிற்று: "மழையையே வரவழைத்த மாமனிதர் நம் தலைவர்!" திரையில் எதிரிச் சேனலின் இளம் செய்தி வாசிப்பாளன் அதற்கேற்ப வாயசைத்தான்.

"அடேயப்பா! அவன் வாயாலேயே நம்ம தலைவரைப் புகழ வச்சிட்டீங்களே!" பார்வையாளர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் செயலாளர் கைப்பேசியை அணைத்தார்.

உள்ளிருந்து வந்த மனைவி திரையருகே நின்றாள். "இளைச்சிட்டான். அங்கே வேலைக்குச் சேர்ந்தான்னு பெத்த பிள்ளையை விரட்டினீங்களே, எந்தக் கடையில சாப்பிடறானோ!"

அவர் கட்சி நிறத் துண்டை எடுத்து, திருவுருவத்தைத் துடைப்பவர்போல் திரையின் தூசியை மெல்லத் துடைத்தார். கண்மூடிக் கைகூப்பினார். பின்பு வலக்கையை உயர்த்தினார்.

"எங்கே இருந்தாலும் நல்லா இருப்பா."