நடுத்தோப்பின் ஜனத்தொகை

கலியபெருமாள் எழுதிக் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூற்றைம்பத்தொரு பேர் பொய்.

முதலில் கண்டுபிடித்தது டைப்பிஸ்ட் ஜெயம். நடுத்தோப்புக் கணக்கை டைப் அடித்துக்கொண்டே வந்தவள், முப்பத்தோராவது வீட்டில் தன் பெயரைப் பார்த்தாள். வயது மட்டும் ஐந்து கூட. அடுத்த வீட்டில் பியூன் கோவிந்தராசு, கட்டுமரக்காரனாக.

மறுநாளே தணிகாசலம் என்கிற இன்னொரு குமாஸ்தாவை அனுப்பிச் சரிபார்த்தார்கள். ஊரில் இருந்தது அறுபத்தோரு பேர்.

வெயிலில் அலையச் சோம்பல்பட்டு டீக்கடையில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறான் என்று ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

அதிகாரி சுப்பிரமணியன் சிரிக்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அது. மின்வெட்டில் மில்களெல்லாம் பாதி நாள் நின்றுகொண்டிருந்தன. அணுமின் நிலையம் வந்தால் எங்கே வைக்கலாம் என்று அமைச்சர்களுக்கு யோசனை சொல்ல ஒரு நிபுணர் குழு உட்கார்ந்திருந்தது. கடலோரமாக நாலு இடம் பார்த்திருந்தார்கள். எங்கே ஜனம் குறைவோ அங்கேதான் முதல் சிபாரிசு. தலை எண்ணிக் கொடுப்பது இந்த ஆபீசின் வேலை.

"மந்திரி கைக்குப் போற காகிதம்யா இது. இதுல போய் ஏன்யா பொய் எழுதின?"

கலியபெருமாள் சொல்ல வேண்டியதை முன்னாலேயே அவரிடம் சொல்லியாயிற்று.

தவளக்குப்பம் தாண்டி, கடலோரச் சவுக்குத்தோப்பை ஒட்டினாற்போல் நடுத்தோப்பு. மூன்று நாள் சைக்கிளில் போனான். மூன்று நாளும் கண்ணில் பட்டவர்கள் கிழடுகளும் சீக்காளிகளுமாக அறுபத்தோரு பேர்தான். ஆனால் கொடி நிறையச் சின்னப் பிள்ளைகளின் சட்டை. அடுப்பில் பத்துப் பேருக்கு உலை.

கையில் ஃபைலோடு யாராவது வந்தால் ஊரே தோப்புக்குள் ஓடிவிடுகிறது என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. இரண்டு வருஷம் முன்னால், அவசரநிலைச் சமயத்தில், ஆம்பிளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதை வந்து சொன்னபோது, ஒளிந்திருக்கிறவனையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது, கண்ணால் பார்த்தவனை மட்டும் எழுது என்றுவிட்டார் சுப்பிரமணியன்.

நாலாம் நாள் போய்ச் சின்னப்பாப்பா என்கிற கருவாட்டுக்காரியிடம் கெஞ்சினான். அவள் சொன்னால் ஊர் கேட்கும். ஆள் கம்மி என்று எழுதினால் இந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள், உங்களைக் கிளப்பி விடுவார்கள், எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்கள் என்று ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னான்.

கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கெவர்மெண்டுக்கு எங்க பேர் தெரியாத வரைக்கும் நாங்க நல்லாத்தான் சார் இருப்போம்" என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு மதகுக்கட்டையில் உட்கார்ந்து மீதிப் பேரை அவனே எழுதினான். கொடித்துணியையும் உலைப்பானையையும் வைத்து ஒரு குத்துமதிப்பு. எண்ணிக்கை வந்துவிட்டது, பெயர்தான் வரவில்லை. சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று போட்டுக்கொண்டே வந்து, அவர்களும் தீர்ந்த பிறகுதான் ஆபீஸ்காரர்கள் பெயருக்குப் போனான்.

சஸ்பெண்ட் உத்தரவு அன்றைக்கே கைக்கு வந்தது. அறுபத்தொன்று என்ற எண் குழுவுக்குப் போனது. இதைவிடத் தோதான இடம் இல்லை என்று நடுத்தோப்பை முதலாவதாகப் போட்டார்கள்.

சேதி தெரிந்ததும் கலியபெருமாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கிளம்பினான்.

கையில் ஃபைல் இல்லை. யாரும் ஓடவில்லை. பம்பைச் சுற்றிப் பெண்கள், வலை கிடந்த இடத்தில் ஆம்பிளைகள், எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்து, முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

சின்னப்பாப்பா கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். இல்லாத பேரையெல்லாம் எழுதி அவன் மாட்டிக்கொண்ட கதையைத் தணிகாசலம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"உங்க ஊருக்காகத்தான்மா எழுதினேன்."

"தெரியுது சார்" என்று செம்பில் நீராகாரம் கொடுத்தாள்.

அவனுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. இந்த ஒருத்திக்காவது புரிந்ததே.

குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு வருசம் முன்னாடி தவளக்குப்பம் கூட்ரோட்டுல மேசை போட்டுக் குந்தியிருந்தீங்களே சார். ஒங்களுக்கு என்னை நெனப்பு இருக்காது."

மேசை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு குமாஸ்தாவும் ஐந்து ஆபரேஷன் கேஸ் பிடித்துத் தர வேண்டும் என்று அந்த வருஷம் உத்தரவு. ஐந்து பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். முகம் ஒன்றுகூட நினைவில்லை.

"ரேசன் அட்டைக்குன்னு கேட்டீங்க. எம்புள்ள அம்மாவாசை பேரை நாந்தான் சொன்னேன். கண்ணாலம் ஆயி நாலு மாசம் அவனுக்கு."

அவள் குரலில் கோபமே இல்லை. காலிச் செம்பை வாங்கி வைத்தாள்.

"அவன் பேருக்குப் பதிலா அன்னிக்கும் ஒரு பொய்ப் பேரை எழுதியிருந்தீங்கன்னா, இன்னிக்கு எனக்கு ஒரு பேரப்புள்ள இருந்திருக்கும் சார்."