நீதிபதியின் கையுறை

மண்டபத்துக்குள் எல்லோருடைய மூச்சும் புகையாக வந்துகொண்டிருந்தது.

அந்த அமெரிக்க ஊருக்கென்று நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் பிடித்து வைத்துக்கொண்டதால், நகராட்சி மண்டபத்தில் ஹீட்டர் ஓடவில்லை. குடியுரிமை விழா மட்டும் ஓடியது.

மேடைத் திரையில் அதிபர் எல்லோரையும் வாழ்த்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் பழுது, அதற்கும் பணமில்லை. ஆகவே தொட்டி மீனைப்போல வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார்.

மிர்லாந்த் ஹெய்தியிலிருந்து வந்தவள். முதியோர் இல்லத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். தூக்கம் சொருகிய கண்ணுக்கு நாற்காலி வரிசைகள் படகுகள்போல மெல்ல ஆடின.

வாசலிலேயே அவளுடைய கிரீன் கார்டை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். இனி அது தேவைப்படாதாம்.

அதற்குப் பிறகுதான் அதிபரின் புது உத்தரவு வந்து சேர்ந்தது.

பக்கத்து நாற்காலியில் டாக்ஸி ஓட்டும் ஃப்ரிட்ஸ்நெல். அவரும் ஹெய்திக்காரர்தான். காதோரம் குனிந்தார்.

"தங்கச்சி, நம்ம நாட்டுக்காரங்களுக்கும் குடியுரிமை குடுக்கத் தடையாம். நாடு நாடா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல, நாம எழுந்து நிப்போம்ல, அப்படியே ஓரங்கட்டி வெளிய கூட்டிட்டுப் போயிருவாங்களாம்."

"அதுக்கு முன்னாடியே சத்தியம் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா நீ குடிமகள். அப்புறம் அதிபரே ஆனாலும் கோர்ட்டுப் படியேறித்தான் பிடுங்கணும். ஆனா இங்க முதல்ல நாடு, பிறகுதான் சத்தியம். எப்பவும் அப்படித்தான்."

சுவரோரம் குடியேற்ற அதிகாரி நின்றிருந்தார். நெஞ்சில் பேட்ஜ் பளபளத்தது. ஒவ்வொருவராகத் தேடினால் நேரமாகும், நாடு நாடாக எழுப்பினால் கொத்தாகக் கிடைப்பார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யாராவது பாராட்டினால் ஏற்றுக்கொள்ளத் தயாரான முகம். நீதிபதியிடமும் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

நீதிபதி விட்காம் அம்மையார் கறுப்பு அங்கிக்கு மேல் கம்பளிக் கோட்டும், தடித்த கையுறையுமாக மேடையேறினார். உயரமான மேசை அவரை மார்பளவு மறைத்தது. குனிந்தார். எதையோ புரட்டுவதுபோல் தோள் அசைந்தது.

"எல்லாரும் எழுந்திரிங்க. வலது கையத் தூக்குங்க. நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க."

மிர்லாந்தின் கை தானாக உயர்ந்தது.

அந்நிய மன்னர்களையும் இளவரசர்களையும் துறப்பதாகச் சொன்னாள். அவளுக்கு எந்த இளவரசரையும் பழக்கமில்லை. இருந்தாலும் மனதாரத் துறந்தாள்.

அத்தனை பேருடைய குரலும் மூச்சும் ஒன்றாகக் கலந்து கூரைக்கடியில் மேகமாகத் திரண்டன. கடைசி வார்த்தையை அந்த மேகத்தின்மேல் நின்று சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

திரையில் அதிபரும் கூடவே வாயசைத்தார்.

அதிகாரிக்கு விஷயம் உறைப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது.

"யுவர் ஆனர்! முதல்ல நாடுகளைத்தானே கூப்பிடணும்?"

"அடடா!" நீதிபதி இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். "இந்தத் தடிக் கையுறைல ரெண்டு பக்கம் சேந்து புரண்டுருச்சு போல. ஹீட்டர் ஓடியிருந்தா நான் எதுக்கு இதைப் போடப்போறேன்? உங்க அதிபர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. சரி, எல்லாரும் உட்காருங்க, இப்பக் கூப்பிட்டாப் போச்சு."

அகர வரிசையில், ஒன்றுகூடப் பிசகாமல், நாடுகளை அழைத்தார்.

ஹெய்தி என்றதும் மிர்லாந்த் எழுந்தாள். ஃப்ரிட்ஸ்நெல் அவளுக்கு முன்பே எழுந்து, டாக்ஸிக்குக் கைகாட்டுபவர்போல அதிகாரியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அதிகாரி இருவரையும் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பேட்ஜைச் சரிசெய்துகொண்டார்.

சான்றிதழ் வாங்க மிர்லாந்த் மேடையேறினாள். குமாஸ்தா அதை நீட்டினார். நீதிபதி கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கைகொடுத்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் அவள் அந்த உயரமான மேசையைப் பார்த்தாள்.

ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தது.

புரட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.