பூட்டிய வீடுகள்

மூன்றாம் தடவையும் அதே விடைதான் வந்தது.

கர்ப்பத்தில் மலேரியா கண்ட தாய்மார் நூறு பேரில் மூன்று பேர்தான் அதைப் பிள்ளைக்குக் கடத்துகிறார்கள். அவள் கட்டிய கணித மாதிரி சமர்த்தாகச் சொன்னது.

விடை சின்னதாக இருந்தால் சுகாதாரத் துறையில் மேலே எல்லோருக்கும் நிம்மதி. கடலோரக் கிராமங்களில் பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை இனி வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

கண் எரிந்தது. அனுப்பித் தொலைத்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கிராமங்களிலிருந்து வந்த பரிசோதனைப் பட்டியலில் முப்பத்தொரு வரிகளில் மட்டும் ஒரே குறிப்பு.

வீடு பூட்டியிருந்தது.

குழந்தைக்கு மூன்று வாரமானதும் செவிலியர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுப்பார். எடுக்க முடியாத குழந்தைக்கு நோயில்லை என்று அந்தக் கணித மாதிரி வைத்துக்கொள்ளும்.

அப்படி வைத்துக்கொள்ளச் சொன்னவள் அவள்தான்.

சும்மா ஒரு சந்தேகத்துக்கு அமலோற்பவம் சிஸ்டருக்குப் போன் போட்டாள். ரத்தம் எடுக்க வீடு வீடாக நடந்த செவிலியர் அவர்.

"அதெல்லாம் தலைப்பிரசவம் மேடம். பொண்ணு பிள்ளையோட அம்மா வீட்டுல இருக்கும். நீங்க குடுத்தது புருஷன் வீட்டு அட்ரஸ். ஆம்பளைங்க கடல்ல, மாமியாருங்க மீன் சந்தையில. கதவை யாரு திறப்பா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தலைப்பிரசவக்காரிகளைத்தான் இந்தக் கிருமி அதிகம் படுத்தும். அது அவள் படித்தது. அவளே தலைப்பிரசவத்துக்கு மன்னார்குடியில் அம்மா வீட்டில் ஐந்து மாதம் கிடந்தவள். அது அவள் பட்டது. கணக்கு எழுத உட்கார்ந்தால் இரண்டும் எங்கேதான் போய்த் தொலைகிறதோ.

வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

அறிக்கையை மூடினாள்.

சிஸ்டரிடம் அந்தத் தாய்மாரின் போன் எண்களை வாங்கி, கடைசியில் இருந்ததை அழைத்தாள். பிறந்து இருபத்து நாலு நாளான பெண் குழந்தை.

எடுத்தது சின்னக் குரல். தாயேதான்.

தான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"இவ அப்பாகிட்டகூட நான் இன்னும் சொல்லலையே. உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"