கோழிக்கு முட்டை

"இந்தக் கம்ப்யூட்டர் டமாரச் செவிடு டீச்சர்! தொண்டை கிழியக் கத்தினாலும் தப்புன்னே சொல்லுது!"

கடைசி பெஞ்சு வாயாடி மைக்கை வைத்துவிட்டு எழுந்தாள். திரையில் கோழிப் படம். அதற்குக் கீழே சிவப்பாக ஒரு முட்டை. இதுவரை பேசிய அத்தனை பேருக்கும் அதே மார்க்குதான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

தமிழ் டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? கதவோரம் கைகட்டி நிற்பவர் சம்பளம் கொடுப்பவராயிற்றே! போன மாதம்தான் பள்ளியை வாங்கிய புதுத் தாளாளர். வகுப்புக்குள் வருவது இதுதான் முதல் தடவை. உச்சரிப்பு சொல்லித்தரும் இந்தக் கம்ப்யூட்டரும் அவர் ஏற்பாடுதான்.

"என்ன டீச்சர், இதான் நீங்க பாடம் நடத்துற லட்சணமா? ஒரு பிள்ளை வாயிலகூட ஒரு வார்த்தை உருப்படியா வரலையே!"

"நல்லாத்தான் சார் சொல்றாங்க. மெஷின்லதான் ஏதோ கோளாறு."

"கோளாறா? பாப்பா, நீ வா!"

முதல் பெஞ்சிலிருந்த அவர் மகள் ஓடிவந்தாள். மைக்கைப் பொத்திக்கொண்டு, வெட்கத்தோடு ஏதோ முணுமுணுத்தாள்.

"சபாஷ்! நூற்றுக்கு நூறு!" என்று கூவியது கம்ப்யூட்டர்.

"பாத்தீங்களா? வாய்விட்டுப் படிக்கிற பரீட்சையில இவளைத்தானே ஃபெயிலாக்கினீங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஓகோ, கதை அப்படிப் போகிறதா! விட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார் போலிருந்தது. வெடுக்கென்று மைக்கைப் பிடுங்கினாள். நிறுத்தி, நிதானமாக, அழகாக "கோழி" என்றாள்.

முட்டை!

"போதும் டீச்சர். நாளையிலருந்து இந்த வகுப்பைக் கம்ப்யூட்டரே பாத்துக்கும். நீங்க வேற வேலை தேடிக்கங்க."

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"போறேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுதான் சரியான உச்சரிப்புன்னு இந்த மெஷினுக்குப் பேசிக் காட்டினது யாரு?"

தாளாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் வெளி ஆளை நம்ப முடியுமா? ஒவ்வொரு வார்த்தையும் நானே உக்காந்து பேசிப் பதிவு பண்ணினேன். தமிள்னா எனக்கு உசுரு டீச்சர்!"