மரங்கொத்திக்கு ஒரு டீ

"எங்க அண்ணன் கட்டுற வீட்டை வெளியாள் வந்து சரி பார்க்கணுமா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

மனைவி போட்ட சத்தம், அஸ்திவாரக் குழிக்குள்ள நின்ன மேஸ்திரி அண்ணன் காதுல விழுந்துச்சு. விழணும்னுதான் போட்டா.

புருஷன் மருந்துக்கடைக்காரர். சத்தமே வராத மனுஷன்.

"அதுக்கில்லம்மா. வீடு கட்டுறது ஆயுசுக்கு ஒரு தடவை. அஸ்திவாரம், கூரை, குளியலறைன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் மூணாவது மனுஷன் ஒருத்தர் பார்த்துட்டா நல்லதுதானே? கட்டட வேலையைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒருத்தரோட கார்டு என் சட்டைப் பையில இருந்துச்சு. கடைக்கு வந்தவங்க யாரோ கொடுத்திருக்காங்க."

"இருமல் மருந்துல தேதி பார்க்கிற புத்தி, மச்சான் வரைக்கும் வந்துடுச்சா?"

குழிக்குள்ளேருந்து அண்ணன் தலை மட்டும் வெளிய வந்துச்சு.

"விடு தங்கச்சி. மாப்ள ஆசைப்படுறாரு, பார்க்கட்டும். ஆனா ஒண்ணு. வர்றவன் சும்மா நொட்டை சொன்னான், கரணையைக் கீழ வச்சிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்."

"வாசப்படி இன்னும் கட்டலையே மச்சான்..."

"அதையும் கட்ட மாட்டேன்!"

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லி உடம்பு, நீள மூக்கு, தலையில சிவப்பு ஹெல்மெட், கையில குட்டிச் சுத்தியல். எதைப் பார்த்தாலும் டொக் டொக். அண்ணன் அந்த நிமிஷமே பேர் வச்சிட்டார்: மரங்கொத்தி.

"வந்தவருக்கு ஒரு டீ கொடும்மா" என்றார் புருஷன்.

அவ டம்ளரை எடுத்துட்டு விறுவிறுன்னு நடந்தா. பின்பக்கத்துக் கடைசி மூலையில, குழி ஓரமா, ணங்குன்னு வச்சா.

"அங்க இருக்கு. வேணும்னா போய் எடுத்துக்கச் சொல்லுங்க."

அண்ணனுக்குப் பெருமை தாங்கலை. யாரோட தங்கச்சி!

மரங்கொத்தி டீ எடுக்கக் குனிஞ்சார். குனிஞ்சவர் நிமிரலை.

"மேஸ்திரி, மத்த இடமெல்லாம் கம்பிக்கு அடியில சிமென்ட் கட்டை கொடுத்துத் தூக்கி வச்சிருக்கீங்க. இந்த மூலையில மட்டும் கம்பி மண்ணுல படுத்துத் தூங்குதே? துரு பிடிச்சிடும்."

"அது... பசங்க மறந்திருப்பாங்க."

"தூக்கி வச்சிட்டு கான்கிரீட் போடுங்க."

அரை மணி நேர வேலைதான். அதுக்குள்ள அவ புருஷனைப் பிடிச்சு உலுக்கி எடுத்துட்டா. "எங்க அண்ணனை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சிட்டீங்களே!"

அண்ணனே வந்து சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு. "சரி விடு தங்கச்சி. உன் முகத்துக்காகப் பொறுத்துக்கிறேன்."

கரணை அவர் கையிலயேதான் இருந்துச்சு.

கூரைக்குக் கம்பி கட்டி முடிச்சாச்சு. மரங்கொத்தி வந்தார். இந்தத் தடவை டீ கூரை மேல, மாடிப்படி வந்து முட்டுற இடத்துல, ஒரு பலகை மேல இருந்துச்சு.

"ஏணி ஏறி வந்து குடிக்கட்டும். முட்டி தேயட்டும்" என்றாள்.

ஏறினவர் டம்ளர் பக்கத்துல கால் வச்சார். கம்பி கடகடன்னு ஆடுச்சு.

"மேஸ்திரி, இங்க மட்டும் கட்டுக்கம்பி போடலையே!"

அவர் இறங்கிப் போனதும் அண்ணன் மூக்கை நீட்டி, கழுத்தைச் சாய்ச்சு, "டொக் டொக்! ஆடுதே மேஸ்திரி!"ன்னு நடிச்சுக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நடிச்சுக்கிட்டே அத்தனை முடிச்சையும் அவர் கையாலயே போட்டார்.

குளியலறை டைல்ஸ் முடிஞ்சப்போ, டீயைக் கதவுக்குப் பின்னாடி தரையில வச்சிருந்தா.

புருஷன் பதறிட்டார். "குளியலறையிலயா டீ வைப்பாங்க?"

"அந்தாளுக்கு இதுவே அதிகம்."

மரங்கொத்தி கதவைத் தள்ளிட்டு உட்கார்ந்தார். டொக் டொக். டொக் டொக். டப்.

"இந்த மூணு டைல்ஸுக்கு அடியில வெறும் காத்துதான் இருக்கு. தண்ணி இறங்கும். பேர்த்துப் போடுங்க."

அன்னைக்கும் புருஷனுக்குத்தான் திட்டு. அன்னைக்கும் அண்ணன் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கிட்டார்.

கடைசியா பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் ஒரு பரிசோதனை. வீடு பூரா தட்டிப் பார்த்துட்டு இன்ஸ்பெக்டர் சுத்தியலைப் பைக்குள்ள போட்டார்.

"ஒரு குறையும் இல்ல. கெட்டி வீடு. கை கொடுங்க மேஸ்திரி!"

அண்ணன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. டீ நடு ஹாலுக்கே வந்துச்சு, தட்டுல வச்சு, நாற்காலி போட்டு. ஆள் ஒழியப் போறார்ங்கிற சந்தோஷம் போலன்னு புருஷன் நினைச்சுக்கிட்டார்.

"மாப்ள, அடுத்த வருஷம் மாடி எடுக்கிறோம். அதுக்காவது மரங்கொத்தி வேண்டாம்ல?"

புருஷன் கூனிக்குறுகிப் போனார். "வேண்டவே வேண்டாம் மச்சான். உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்றாள் மனைவி, அண்ணன் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டு.

மறுநாள் காலையில அவ தேய்ச்சு வச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார். பையில ஏதோ குத்துச்சு. எடுத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கார்டு! திருப்பினா, பின்பக்கம் மனைவியோட பொடிக் கையெழுத்து.

'எங்க அண்ணன் தங்கம். ஆனா சின்ன வயசுலேருந்து கதவுக்குப் பின்னாடி மட்டும் பெருக்க மாட்டான். நான் குறை சொன்னா உடைஞ்சு போயிடுவான். வெளியாள் சொன்னா நாலு திட்டு திட்டிட்டு ஒழுங்காப் பண்ணிடுவான். மாடிக்கும் இவரையே கூப்பிடுங்க. சத்தம் போடவும், சரியான இடத்துல டீ வைக்கவும் நான் இருக்கேன்.'