மூன்று சென்டிமீட்டர்

“உயரம் பத்தாது சார். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.”

ஆப்பரேட்டர் சொல்லிவிட்டு இரும்புக் கேட்டைப் பாதி சாத்தினார். தச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. முக்கால் மணி நேரம் வெயிலில் கால் கடுக்க நின்றது இதைக் கேட்கவா?

பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஏறுகிற சின்ன ரோலர் கோஸ்டர் அது. தலைகீழாகப் புரட்டாது. இரண்டு ஏற்றம், மூன்று வளைவு, அவ்வளவுதான். வாசலில் ஒரு அளவுக் கம்பம், அதில் நூற்றுப் பத்து சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. கணுக்கால் வரை தொங்கும் கவுனோடு நின்ற மகள் சிட்டுவின் உச்சந்தலை, கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

“ஏழு வயசு முடிஞ்சிடுச்சுங்க இவளுக்கு.”

“வயசு கணக்கில்ல சார். உயரம்தான்.”

தச்சருக்கு மகள் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். காலை பத்து மணிக்குக் கூட்டிப்போய், மாலை ஆறு மணிக்கு அவள் அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. வருஷம் முழுக்கக் கூட்டினாலும் இருபத்துநாலு நாள். ‘அப்பாகூடப் போனா ஜாலி’ என்று குழந்தை அந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இருபத்துநாலும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும் என்ற பயம் மனுஷனுக்கு. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

“அளவைப் பத்தி என்கிட்டயா சொல்றே? இருபது வருஷமா கதவும் ஜன்னலும் செய்யறவன்யா நான்!” பாக்கெட்டிலிருந்து டேப்பை உருவினார்.

“டேப்பெல்லாம் வேண்டாம் சார். வழி விடுங்க.”

ஆப்பரேட்டர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் தச்சருக்குத் தாங்கவில்லை.

“திமிரைப் பாரு! கூப்பிடுய்யா உங்க சூப்பர்வைசரை!”

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. “சட்டுபுட்டுனு முடிங்கப்பா” என்றார் ஒருவர். சூப்பர்வைசர் வந்தார். சிட்டுவைத் தோளைப் பிடித்துக் கம்பத்தோடு சேர்த்து நிறுத்தினார்.

“குதிகாலை ஒட்டி வைம்மா. முதுகு நேரா. ஆங், அப்படித்தான்.”

தச்சர் தன் டேப்பையும் பிடித்தார். நூற்றுப் பதிமூன்று.

“மூணு சென்டிமீட்டர் ஜாஸ்தி! பார்த்தீங்களா அநியாயத்தை?”

சூப்பர்வைசர் திரும்பினார். “என்னய்யா, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?”

ஆப்பரேட்டர் ஒரு கணம் சிட்டுவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்பாப் பார்த்துட்டேன் சார்.”

“இந்த மாசத்துல ரெண்டாவது தப்பு. நாளையிலேர்ந்து பார்க்கிங்ல போய் வெயில்ல நில்லு. அப்பதான் புத்தி வரும். சார், புகார் எழுதித் தர்றீங்களா?”

“தராம?”

ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார் தச்சர். முதல் வரிசையிலேயே இடம் கிடைத்தது. ஆப்பரேட்டர் வந்து பாதுகாப்புக் கம்பியை இறக்கினார், இரண்டு முறை அசைத்துப் பார்த்தார், பிறகு சிட்டுவின் காதில் என்னவோ சொன்னார். இப்போ என்ன குழைவு வேண்டிக்கிடக்கு என்று நினைத்துக்கொண்டார் தச்சர்.

வண்டி ஏறியது, பாய்ந்தது, வளைந்தது. தச்சர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டார். பக்கத்தில் சத்தமே இல்லை. என் பொண்ணு புலிக்குட்டிதான் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

புலிக்குட்டி இறங்கியதும் நேரே குப்பைத் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தது.

“வெயிலு ஒத்துக்கலை, வேற ஒண்ணுமில்ல.” வாயைக் கொப்பளிக்க வைத்து, பெஞ்சில் உட்கார வைத்தார். “ஆமா, அந்த ஆளு காதுல என்னம்மா சொன்னான்?”

“கண்ணை மூடிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணு, அறுபதுக்குள்ள முடிஞ்சிடும்னு சொன்னாருப்பா. அம்பத்திமூணுலயே முடிஞ்சிடுச்சு.”

“எதுக்கு எண்ணணும்?”

சிட்டு செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அங்கிள் பாவம்பா. மொதல்ல அளந்தப்போ நான்தான் கவுனுக்குள்ள முட்டியை மடக்கிக்கிட்டேன். அவர் பார்த்துட்டாரு.”

“பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தான்?”

“வேணாம்னு தலையாட்டினேன். அதான் குட்டைன்னு சொல்லிட்டாரு.”

தச்சருடையது நூல் பிசகாமல் அளவு சொல்லும் கண். பெற்ற பிள்ளை பக்கத்திலேயே முட்டி மடக்கி நின்றது அதற்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, ‘குழந்தை பயந்து காலை மடக்கிச்சு’ என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை.

“வாம்மா. நான் எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சுப் போடச் சொல்லுவோம்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். பாதி வழியில் மனசு கேட்காமல் நின்றார்.

“பயமா இருக்குன்னா அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானேடா சிட்டு? நான் என்ன சொல்லிடப் போறேன்?”

“போன தடவை பெரிய ஊஞ்சல்ல சொன்னேன்ப்பா. ‘அப்படியே உங்கம்மா’ன்னு சொல்லிட்டு, வீட்டுல கொண்டு விடற வரைக்கும் நீங்க என்கூடப் பேசவே இல்ல.”